ஓந்தியின் அச்சம் தீர்த்தல்

நம்மிடையே வழங்கும் பழமொழிகளுள் ஓணானைப் பற்றியவை பல. அவற்றுள் ஒன்று, வேலியிலே போன ஓணானைப் பிடித்து மடியிலே விட்டுக்கொண்டு, பின்னர்க் குத்துகிறதே, குடைகிறதே என்று அழுதவனைப் பற்றியது. வீண் தொல்லையை வலிந்து தேடிக்கொள்வோரைச் சுட்டுவதற்கு இதனை வழங்குகின்றோம். ஆயினும், விலங்கியல் பயிலும் மாணாக்கன் இப்பழமொழியை ஓணானின் பக்கத்திலே நின்றும் ஒருமுறை நோக்குதல் வேண்டும். வேலியிலே அமைதியாகச் சென்ற பிராணி மடியிலே அமைதியிழந்தது ஏன்? அதன் அச்சத்தைத் தீர்த்து, மனிதனை நம்பச் செய்தல் கூடுமா? கூடுமாயின், அது நம்புகிறது என்பதை நாம் அறிந்துகொள்வது எவ்வாறு?

இவ்வினாக்கள் விளையாட்டாக எழுந்தவை அல்ல. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பச்சோந்தியை வீட்டிலே வளர்த்து, அதன் நம்பிக்கையைப் பெற முயல்வோர் இன்று பலர். அவர்கள் எடுக்கும் படங்களைக் கண்ட நம் மலைநாட்டு இளைஞர் சிலரும், தேயிலைச் செடியிலோ வேலியிலோ அகப்படும் ஓணானைப் பெட்டியில் அடைத்துப் பழக்க விரும்புகின்றனர். ஆதலின் இப்பொருளை முறையாக ஆராய்தல் நன்று.

பெயரும் உரிமையும்

ஓந்தி என்பது பழந்தமிழ்ச் சொல். ஓதி எனவும் வரும். சங்கப் புலவர் பாலைநிலத்து வழியிலே இதனைக் கண்டு பாடியுள்ளனர். பசுமையான ஓந்தி ஆதலின் பச்சோந்தி என்றாயிற்று. ஆயினும், பேச்சு வழக்கிலே நிறம் மாறும் ஓணான் எதனையும் பச்சோந்தி என்று கூறிவிடுகின்றோம். விலங்கியலார் இவ்விரண்டையும் வேறு வேறு குடும்பங்களாகப் பிரிப்பர்.

உண்மையான பச்சோந்திக் குடும்பத்திலே 200க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் ஏறக்குறையப் பாதி மடகஸ்கார்த் தீவுக்கே உரியவை. நம் நாட்டில் வாழ்வது ஓர் இனமே. 1768 ஆம் ஆண்டில் லோறென்ரி என்னும் அறிஞர் அதற்கு இலங்கையின் பெயரையே சூட்டினார். இந்தியாவிலும் வாழும் அவ்வினம் இங்கே புத்தளம், மன்னார் முதலிய உலர்வலயப் பகுதிகளிலே காணப்படும். கொத்மலையின் குளிரும் மழையும் அதற்கு ஏற்றவையல்ல. ஆகவே, பூண்டுலோயாத் தோட்டமொன்றிலே ஒரு சிறுவன் 'பச்சோந்தி பிடித்தேன்' என்று கூறுவானாயின், அவன் கையில் இருப்பது பெரும்பாலும் ஓணானே ஆகும்.

இதனால் மலைநாட்டார் வருந்த வேண்டியதில்லை. நம் மலைகளில் வாழும் ஓணான்கள் பச்சோந்தியிலும் அரியவை. நுவரெலியா, ஹக்கலை, ஹோட்டன் சமவெளிப் பக்கங்களிலே பாசி படர்ந்த மரங்களில் ஒரு சிற்றோணான் வாழ்கிறது. அது மெல்ல நடக்கும். வாலினாற் கிளையைச் சுற்றிப் பிடிக்கும். முட்டையிடாது குட்டி ஈனும். நடையினாலும் வாலினாலும் பச்சோந்தியை ஒத்திருப்பினும், அஃது ஓணான் குடும்பத்ததே. மூக்கின் நுனியிலே கொம்பு தாங்கிய ஓணானும், கருநிற உதடுடைய ஓணானும் அவ்வுயர்ந்த மலைகளிலேயே உள்ளன. சற்றுத் தாழ்ந்த கண்டி, கம்பளைப் பக்கத்து நிழல் மிகுந்த தோட்டங்களிலே, மூக்கின்மேல் உருண்டைத் திரட்சியுடைய பேரோணான் ஒன்று உண்டு. இவை யாவும் உலகில் வேறெங்கும் இல்லாதவை, இத்தீவுக்கே உரியவை.

உலகை அறியும் விதம்

ஒரு பிராணியின் நம்பிக்கையைப் பெற விரும்புவோர், அது நம்மை எவ்வாறு உணர்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

பச்சோந்திக்குப் புறச்செவி இல்லை, செவித்துளையும் இல்லை. காற்றில் வரும் ஒலியை அது மிகக் குறைவாகவே உணரும். எனவே, நாய்க்குப் பெயரிட்டு அழைப்பது போல் அதனை அழைத்துப் பழக்குதல் வீண். ஆனால் கிளையின் அதிர்வை அது காலினால் நன்கு உணரும். ஒவ்வொரு காலிலும் விரல்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து, குறடு போல் அமைந்து, கிளையை இறுகப் பற்றியிருக்கும்.

அதன் பெரும்புலன் கண். இரண்டு கண்களும் தனித்தனியே சுழல்வன. ஒன்று முன்னே நோக்க, மற்றது பின்னே நோக்கும். இரையைக் கண்டவிடத்து இரண்டும் ஒருங்கே அதன்மேற் பதியும். அப்பொழுதுதான் நாக்குப் பாயும். அந்நாக்கு, வால் நீங்கலாக உள்ள உடலின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு முதல் இரு மடங்கு வரை நீளும். வில்லின் நாணை இழுத்து விடுவது போலச் சுருக்கிவைத்த மீள்தன்மையே அதனை எறிகிறது.

இத்தகைய கண்ணுடைய பிராணிக்கு மேலிருந்து இறங்கும் கை எத்தகையதாய்த் தோன்றும்? பருந்தும் காகமும் மேலிருந்தே வருவன. ஆகவே, அன்பினால் நீட்டும் கையாயினும் தலைக்குமேல் வருமாயின் அது பறவையின் காலாகவே கொள்ளப்படும். நேரே உற்று நோக்கிக்கொண்டு அணுகுவோனையும் இரை தேடி வருபவனாகவே அது மதிக்கும். பல ஓணான் இனங்களில் நடத்திய ஆய்வுகள், நேரே வருவோனைக் கண்டு விரைவிலும், ஒதுங்கிக் கடந்து செல்வோனைக் கண்டு தாமதமாகவும் அவை ஓடுவதைக் காட்டியுள்ளன.

நிறம் கூறும் செய்தி

சார்ந்த இடத்தின் நிறத்தையே பச்சோந்தி பெறுகிறது என்பது பரவலான கருத்து. அதனாலேயே கொள்கையற்றவனுக்கு அதன் பெயரைச் சூட்டுகின்றோம். இவ்வுவமை பச்சோந்திக்குப் பொருந்தாது. அது நிறம் மாறுவது ஒளியையும் வெப்பத்தையும் ஒட்டியது; அவற்றினும் சிறப்பாகத் தன் நிலையைத் தன்னினத்துக்கு அறிவிப்பதற்கே. தென்னாபிரிக்கச் சிறு பச்சோந்திகளை ஒப்பிட்டு 2008 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, நிறமாற்றத் திறன் வளர்ந்ததற்கு ஒளிந்துகொள்வதிலும் செய்தி கூறுவதே பெருங்காரணம் எனக் காட்டிற்று.

அம்மாற்றம் நிகழும் விதமும் வியப்புக்குரியது. 2015 ஆம் ஆண்டில் ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர், மடகஸ்காரிலுள்ள சிறுத்தைப் பச்சோந்தியின் தோலை ஆராய்ந்தனர். அத்தோலின் கலங்களிலே குவானின் என்னும் பொருளாலான மிக நுண்ணிய பளிங்குகள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. பிராணி அமைதியாயிருக்கும்போது அவை நெருங்கி நின்று நீல ஒளியைத் தெறிக்கச் செய்யும். அவ்வொளி மஞ்சள் நிறப்பொருளோடு கலந்து பச்சையாகத் தோன்றும். பிராணி கிளர்ச்சியுறும்போது பளிங்குகளின் இடைவெளி அகலும். அப்பொழுது மஞ்சளும் செம்மையும் தோன்றும்.

வளர்ப்போன் இதிலே கற்க வேண்டியது ஒன்றுண்டு. யேமன் நாட்டுப் பச்சோந்திகள் இரண்டு பொரும்போது, தோற்கும் ஆண் விரைவிலே கருமையடையும். அது கண்டு வென்றது தாக்குதலைத் தளர்த்தும். 'தோற்றேன், விட்டுவிடு' என்பதே அக்கருமையின் பொருள். மனிதன் கையிலே கருமையடையும் பச்சோந்தியும் அதனையே கூறுகிறது. அக்கூற்றை அறியாதவன், 'என் கையில் எத்துணை அடக்கமாய் இருக்கிறது' என்று மகிழ்கிறான்.

அடக்கம் வேறு, நம்பிக்கை வேறு

இங்கேதான் நம் ஆராய்ச்சியின் மையம் உள்ளது. அசையாதிருத்தலை நம்பிக்கையென மயங்குவதே இத்தகைய பிராணிகளை வளர்ப்போர் செய்யும் பெரும்பிழை.

அசையாமைக்குக் காரணங்கள் பல. நம் மலைநாட்டின் பனிபடர்ந்த காலையிலே ஓணானை அணுகுவோன், அது ஓடாமல் இருப்பதைக் காண்பான். ஊர்வன தம் உடல் வெப்பத்தைச் சூழலிலிருந்தே பெறுவன. குளிரிலே அவற்றின் தசைகள் விறைத்திருக்கும். ஓட இயலாமையே அங்குள்ளது, நட்பு அன்று. மூக்குத் திரட்சியுடைய பேரோணானைப் பிடித்தால், முதலில் வாயை அகலத் திறந்து உள்ளிருக்கும் செந்நிறத்தைக் காட்டி மிரட்டும். அதுவும் பயன்படாதவிடத்து உடலைத் தளர்த்திச் செத்தது போற் கிடக்கும். அதனைச் சாதுவென்று எண்ணுவோர் அதன் கடைசித் தற்காப்பைக் கண்டு மகிழ்கின்றவராவர். பச்சோந்தி பகலிலே கையில் கண்களை மூடிக்கொள்ளுமாயின், அது சுகமாய் உறங்குவதன்று. நோயின் அல்லது தாங்கொணாத அச்சத்தின் அடையாளம். நீட்டிய கையிலே அது ஏறி வருவதும் எப்போதும் அன்பன்று. உயர்ந்த இடத்தை நாடி ஏறுதல் அதன் இயல்பு.

அங்ஙனமாயின் நம்பிக்கை என்பது யாது? நாயிடத்தும் பசுவிடத்தும் காணப்படும் பாசத்தை இப்பிராணியிடம் எதிர்பார்த்தல் தகாது. பெரும்பாலான பச்சோந்திகள் தம்மினத்தோடுங் கூடாது தனியாகவே வாழ்வன. பெண் முட்டைகளை மண்ணிலே புதைத்துவிட்டு அகலும். குஞ்சுகள் தாயை அறியா. தோழமை என்னும் தேவை அவற்றுக்கு இல்லை. அவற்றிடம் நாம் பெறக்கூடியது அஞ்சாமை ஒன்றே. நம் முன்னோர் அபயம் என்று வழங்கிய சொல் இதற்கு மிகப் பொருத்தமானது. விலகிச் செல்லும் வழி திறந்திருக்கவும் விலகாமல், நாம் அருகிலிருக்கத் தன் இரையை உண்டும் வெயில் காய்ந்தும் தன் அலுவலைச் செய்துகொண்டிருக்குமாயின், அதுவே நம்பிக்கை. போக வழியற்ற பிராணியின் அமைதி எதனையும் நிறுவாது.

வளர்ப்போர் கைக்கொள்ளும் முறை

மேனாடுகளில் சட்டப்படி கூண்டிலேயே பிறந்த யேமன் பச்சோந்தி, சிறுத்தைப் பச்சோந்தி ஆகியவற்றை வளர்ப்போருள் அனுபவம் மிக்கவர் இவ்வுண்மையை அறிந்தே நடப்பர். கூண்டு காற்றோட்டமுள்ளதாய், அகலத்தினும் உயரம் மிகுந்ததாய், இலை செறிந்த கிளைகள் உடையதாய் இருத்தல் வேண்டும். பார்ப்பவரின் கண்மட்டத்துக்கு மேல் பிராணி அமர இடம் இருத்தல் வேண்டும். மறைந்துகொள்ள இலையுள்ள பச்சோந்தியே விரைவில் வெளிவரத் துணியும். அது கிண்ணத்து நீரைப் பெரும்பாலும் அறியாது. இலையில் உருளும் துளிகளையே நக்கிக் குடிக்கும். ஆதலின் நீரைத் துளித்துளியாய் விழவிடுவர். ஊதாக்கடந்த கதிர்களும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்தால் எலும்பு மென்மையுற்று வளையும். வலியுற்ற பிராணி எவரையும் நம்பாது. இன்னொரு பச்சோந்தியையோ கண்ணாடியில் தன் உருவத்தையோ அது இடைவிடாது காணுதல் ஆகாது.

புதிதாய் வந்ததைச் சில வாரங்கள் வரை தொடமாட்டார். நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே முறையில், மெல்ல அணுகி நீரும் இரையும் வைத்து விலகுவர். பின்னர், அருகில் அமர்ந்து வேறு வேலை செய்வர். அது மனிதன் முன்னே உண்ணத் தொடங்கிய பின், இடுக்கியாலும், அதன்பின் கையாலும் பூச்சியை நீட்டுவர். கையை மேலிருந்து அன்றிக் கீழிருந்தே மெல்ல நீட்டிக் காத்திருப்பர். கிளையைப் பற்றியிருக்கும் காலைப் பிடுங்கி எடுப்பதில்லை. உடலைத் தட்டையாக்குதல், வாய் திறத்தல், சீறுதல், கருமையடைதல், கிளையின் மறுபுறம் ஒளிதல் ஆகிய குறிகளுள் ஒன்று தோன்றினும் அன்றைய பாடத்தை நிறுத்துவர். இவ்வளவு செய்தும் கைக்கு வாராத பச்சோந்திகள் உள. அவற்றைக் கண்ணால் மட்டும் கண்டு மகிழ்வதே முறை.

இத்துணைப் பொறுமையும் பொருளும் இல்லாதோர் வளர்க்கப் புகுந்து, பின்னர் வெளியே விட்டதன் விளைவையும் உலகம் கண்டுள்ளது. 1972 ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவுக்குக் கிழக்காபிரிக்காவிலிருந்து விற்பனைக்கெனக் கொண்டுவரப்பட்ட மூன்று கொம்புப் பச்சோந்திகள் வெளியே விடப்பட்டுப் பெருகின. அவை இன்று அத்தீவுக்கே உரிய நத்தைகளையும் பூச்சிகளையும் தின்கின்றன.

கூண்டு ஏன் ஆகாது

மேற்கூறிய முறைகளைக் கற்றபின், நம் மலை ஓணான்களையும் அவ்வாறு பழக்கலாமே என ஒருவர் கேட்கலாம். ஆகாது என்பதே விடை. முதலாவது காரணம் சட்டம். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், 2009 ஆம் ஆண்டில் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் காட்டுயிர்களைக் காக்கின்றன. இத்தீவுக்கே உரிய அரிய ஓணான்களைப் பிடித்தலும் உடைமையாக வைத்திருத்தலும் குற்றமாகும். இரண்டாவது காரணம் இதனினும் பெரியது. அயல்நாட்டுச் சந்தையிலே இவ்வோணான்களுக்கு விலை உண்டு. அதனால் இவை களவாகக் கடல் கடந்துள்ளன. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் மாநாடு 2019 ஆம் ஆண்டில் ஜெனீவாவிலே கூடியபோது, குட்டி ஈனும் சிற்றோணான், கொம்போணான், மூக்குத் திரட்சியுடைய ஓணான், கருநிற உதட்டோணான் ஆகியவை அதன் பாதுகாப்புப் பட்டியல்களில் இடம்பெற்றன. ஒரு மலையிலே மட்டும் வாழும் இனத்திலிருந்து சிலவற்றை எடுத்தலும் பேரிழப்பாகும். மேலும், பனி தோய்ந்த பாசியையும் மலைக்குளிரையும் வீட்டுப் பெட்டியிலே அமைத்தல் நம்மால் இயலாது.

வேலியோரத்துப் பாடம்

ஆயினும், நம்பிக்கையைப் பெறும் கலையைக் கற்பதற்குக் கொத்மலையைப் போன்ற இடம் அரிது. மகாவலித் திட்டத்தின் கீழ் 1985 ஆம் ஆண்டில் நிறைவேறிய நீர்த்தேக்கத்தின் கரைத் தோட்டங்களிலிருந்து மேலே தேயிலை மலைகள் வரை, வேலிகளிலே சாதாரண ஓணானும் பச்சை ஓணானும் உலாவுகின்றன. அவற்றுக்கு விலகிச் செல்லும் வழி எப்போதும் திறந்திருக்கிறது. ஆகவே, முன்னர்க் கூறிய இலக்கணத்தின்படி, நம்பிக்கையை உண்மையாகச் சோதிக்கத்தக்க இடம் வேலியே, கூண்டன்று.

மாணாக்கர் இதனைப் பின்வருமாறு செய்து பார்க்கலாம். வேலியொன்றிலே வழக்கமாக வெயில் காயும் ஓர் ஓணானைத் தெரிந்துகொள்க. ஒரே நேரத்தில், வெயில் ஏறிய பின்னர், ஒரே வேகத்தில் அதனை நோக்கி நடக்க. எத்தனை அடி தூரத்தில் அது உண்பதை நிறுத்தி நோக்குகிறது, எத்தனை அடியில் தண்டின் மறுபுறம் திரும்புகிறது, எத்தனை அடியில் ஓடுகிறது என மூன்று எண்களைக் குறிப்புப் புத்தகத்திலே எழுதுக. மூன்றாவது எண்ணை ஓடுதூரம் என்போம். வெயிலா, மூட்டமா என்பதையும் எழுதுக; குளிர்ந்த நாளின் கணக்கை வெப்பமான நாளின் கணக்கோடு ஒப்பிடல் ஆகாது. அது ஓடுமுன் நின்று, சிறிது பொறுத்து, பக்கவாட்டில் விலகிச் செல்லப் பழகுக. தொடுதலும், இரை போடுதலும், ஈர்க்கிலே சுருக்கு வைத்தலும் கூடாது. சில வாரங்களில் ஓடுதூரம் குறையுமாயின், தீங்கற்றவன் எனப் பிராணி உங்களை அறியத் தொடங்கிற்று என்று கொள்ளலாம். பின்னர், அவ்விடத்துக்கு வராத நண்பனொருவனை அதே முறையில் நடக்கச் செய்து, அவனுக்குரிய தூரத்தையும் அளந்து ஒப்பிடுக.

இதற்குப் பொருட்செலவு இல்லை, ஆய்வுகூடமும் வேண்டுவதில்லை. பூண்டுலோயாவிலே தேயிலைத் தோட்டத்தில் வாழ்ந்த எட்வேட் ஏணஸ்ற் கிறீன் என்பார், தம்மைச் சூழ்ந்த செடிகளின் செதிற்பூச்சிகளைப் பொறுமையாக நோக்கியே 1896 ஆம் ஆண்டு முதல் இலங்கைச் செதிற்பூச்சிகள் பற்றிய பெருநூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். நோக்கும் கண்ணும் எழுதும் கையும் உடையோருக்குத் தேயிலை மலையே கலாசாலை.

ஓணானைக் கண்டவுடன் கல் தேடும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. அது தூரத்திலிருந்தே இரத்தம் உறிஞ்சும் என்பர். இனப்பெருக்க காலத்தில் ஆணின் தலையும் தொண்டையும் சிவப்பதைக் கண்டு எழுந்த கதை அது. பூச்சிகளை உண்டு வாழும் அப்பிராணி எவருடைய இரத்தத்தையும் அறியாது. அணிலைப் புகழ்ந்து ஓணானைப் பழிக்கும் நாட்டுக்கதைகளும் அக்கல்லுக்குத் துணையாயின. கவ்வாத்துக் காலத்திலே செடிகள் வெட்டப்பட, மறைவிடம் இழந்து வெளியே வரும் ஓணானுக்கு அந்நாள்களில் காகமும் பூனையும் பகை; அவற்றோடு நாமும் சேர வேண்டியதில்லை.

மேற்கூறிய கணக்கிலே ஒருநாள் ஓடுதூரம் திடீரெனக் கூடியிருப்பதைக் காணும் மாணாக்கன், அதன் காரணத்தைத் தேடுவானாக. அங்கே யாரோ கல்லெறிந்திருக்கலாம். ஓணான் தன் கணக்கிலே அதனையும் எழுதிக்கொள்கிறது. ஒரு கல்லூரி வளவிலே ஓணான் மாணாக்கரைக் கண்டு எத்தனை அடியில் ஓடுகிறது என்பது, அக்கல்லூரி மாணாக்கரைப் பற்றி ஓணான் கொண்டுள்ள மதிப்பீடு. யூபிலி ஆண்டிலே நம் பரிசுகளையும் வெற்றிகளையும் கணக்கிடுவோர், வேலியோரத்துக்கும் சென்று அவ்வெண்ணையும் அளந்து, அடுத்த ஆண்டு இதழிலே வெளியிடுவார்களாக.